ரெக்கார்டை யார் மாற்றுவது?

17 ஜனவரி 1973, புதன்

என் செட் இன்றைக்குத்தான் முழுசாகப் பாடியது! மூர் மார்க்கெட்டில் பிடித்த பழைய பிளேயர், நானே சேர்த்துக் கட்டிய ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். பகலில் தேனாம்பேட்டை ரேடியோ கடை வேலை, சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன்களுக்கு ரெக்கார்ட் போடுவது. இதுதான் திட்டம்.

ஃப்ளோரன்ஸ் அக்கா விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். "ஏண்டா வால்டர், இனிமே என்னை டீச்சர்னு சொல்ல மாட்டாங்க. ரேடியோ செட்காரன் அக்கான்னுதான் சொல்லுவாங்க. திருப்திதானே?"

திருப்திதான். எதிர்வீட்டு ஐவி ஜன்னலில் நின்று கடைசி வரை கேட்டாள். இதை அக்காவிடம் சொல்ல முடியுமா?

5 பிப்ரவரி, திங்கள்

முதல் கல்யாணம். சாந்தோமில் எங்கள் கோயிலை ஒட்டிய ஹால். மானம் போக இருந்தது.

பலகைத் தரை. ஜோடிகள் வால்ஸ் ஆட ஆரம்பித்ததும் ஊசி தவளை மாதிரி குதித்தது. பாடினவன் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தான். "யோவ் ரேடியோ, இன்னாய்யா இது!" என்று யாரோ கத்த, ஹாலே சிரித்தது. ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.

ஐவிதான் மணப்பெண் தோழி. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினாள். பூசையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டியிட்ட சிவப்பு மெத்தையைத் தூக்கி வந்து பிளேயருக்கு அடியில் சொருகினாள். ஊசி கப்சிப்.

"கோயில் சாமானைத் தொட்டதைக் கோயில்பிள்ளை பார்த்தா கொன்னுடுவார்" என்றேன்.

"பாட்டு நின்னா பொண்ணோட அம்மா கொன்னுடுவாங்க. எது தேவலை?"

அப்புறம் போகாமல் அங்கேயே நின்றாள். "நீ ஆட மாட்டியா?"

"ரெக்கார்டை யார் மாத்தறது?"

என்ன பதில் இது! மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும், வாஸ்தவம். ஆனால் அதுவா காரணம்? அவள் கையைப் பிடித்தால் என் கை நடுங்குவது தெரிந்துவிடுமே, அந்தப் பயம். அவள் யார் யாரோடோ ஆடினாள். அத்தனை ரெக்கார்டையும் போட்டது நான்தான்.

12 மார்ச், திங்கள்

தவக்காலம். ஈஸ்டர் முடியும்வரை எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது. எதிர்வீட்டில் இருப்பவளோடு பேச எனக்குக் கல்யாணம் வேண்டியிருக்கிறது. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வாசலில் அவள் அப்பா அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

25 மார்ச், ஞாயிறு

என் செட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, கோயில் மைக்கையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் பங்குச் சாமியார். பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஆம்ப்ளிஃபையர். கதவு இடுக்கில் ஐவி உட்காரும் பெஞ்சு தெரிகிறது. சம்பளமே வேண்டாம் சாமி.

29 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிவில் கல்யாண ஓலை வாசித்தார்கள். அடையாறு காஸ்பருக்கும் நம் பங்கு ஐவிக்கும் திருமணம். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், இது முதலாம் ஓலை. தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லலையே.

ஏன் சொல்லணும்? நான் யாரு?

6 மே, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அவள் பேர் வருகிற இடத்தில் என் விரல் குமிழைத் திருப்பிவிட்டது. விரல் என்ன விரல், நான்தான் திருப்பினேன். சாமியாரின் வாய் மட்டும் அசைந்தது. ஜனங்கள் முழித்தார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழவேண்டும் என்று தொண்டை கிழியத் திரும்ப வாசித்தார்.

வெளியே என் சைக்கிள் பக்கத்தில் ஐவி நின்றிருந்தாள்.

"சத்தத்தைக் குறைச்சது நீதானே?"

"லூஸ் கனெக்‌ஷன்."

"தடை இருந்தா வந்து சொல்லுங்கன்னுதான் ஃபாதர் கேக்கறார். மைக்கை அணைக்கச் சொல்லலை."

குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்தேன்.

"இன்னும் ஒரு ஓலை பாக்கி இருக்கு, வால்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கண் கலங்கியிருந்ததா? வெயில் கூசியதா?

9 மே, புதன்

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுப் படி ஏறினேன். அவள் அப்பாதான் கதவைத் திறந்தார். வாயெல்லாம் பல்.

"வாப்பா, நானே ஆளனுப்ப இருந்தேன். பதினாறாம் தேதி ரிசப்ஷனுக்கு நீதான் ரெக்கார்ட் போடணும். நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

"சரி அங்கிள்" என்றேன்.

சரியாம்! அதைச் சொல்லவா போனே? உள் கதவுக்குப் பின்னால அவ நின்னுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. போடா முட்டாள். போ, ரெக்கார்ட் போடு.

13 மே, ஞாயிறு

மூன்றாம் ஓலை. மைக் தெளிவாகக் கேட்டது.

16 மே, புதன்

அவர்கள் மண்டியிட்டு எழுந்த மெத்தையை நானே எடுத்து வந்து பிளேயருக்கு அடியில் வைத்தேன். கோயில்பிள்ளை பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

காஸ்பரைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை, நல்ல மனுஷன். பாதி ரிசப்ஷனில் ஐவியோடு என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க ஒரு தடவைகூட ஆடினதில்லையாமே? ஐவி சொன்னா."

"ரெக்கார்டை யார் மாத்…"

"நான் மாத்தறேன் பிரதர், போங்க!" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஐவி கையை நீட்டினாள். பிடித்தேன். எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது.

"ஏன் இப்படி நடுங்குது?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"லூஸ் கனெக்‌ஷன்."

சிரித்தாள். அப்புறம் முகத்தை என் தோளுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. பாவம், காஸ்பருக்கு ஊசியைத் தூக்கத் தெரியவில்லை. கர்ர், டக், கர்ர், டக் என்று வெறும் தட்டு சுற்றியது. மற்ற ஜோடிகள் கை விட்டு நின்றுவிட்டார்கள். நாங்கள் அந்தச் சத்தத்துக்கே இன்னொரு சுற்று ஆடினோம்.

அப்புறம் ஊசியைத் தூக்க நான்தான் போனேன்.