நாலாம் பக்கத்தின் கடைசி வரி

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை, இராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஆதார் நகல் எடுக்க நின்ற ஆறு பேர் பார்க்க, நான் விக்கி விக்கி அழுதேன். யாரோ தவறிப்போயிருக்க வேண்டும் என்று ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். தவறிப்போனது உண்மைதான். ஆனால் நான் அழுதது உனக்காக இல்லை. உன் போட்டோ முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு ஓடிவிட்டது, அதற்காக.

இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்த தாள். உன் அச்சுக் கடையின் மணம் அதில் அப்படியே இருந்தது. உன் ரசத்தைப் பற்றி நான் எழுதிய பத்தியின் மேல் உன் முகம் உட்கார்ந்திருந்தது. உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கட்டங்கள்.

"அக்கா, ஒங்க ஃபாண்ட்டு எங்க சிஸ்டத்துல இல்ல. அதான் எல்லாம் எடம் மாறுது" என்றாள் கடைக்காரப் பெண்.

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாக."

ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க, நம் மாதாந்திர நாலு பக்கப் பத்திரிகையை உன்னைப் பற்றியே கடைசியாக ஒரு முறை போட்டுத்தரச் சொல்லி உன் வீட்டுக்காரர் கேட்டிருந்தார். மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை. "அவ பண்ணுன மாதிரியே இருக்கணும் தங்கச்சி" என்றார். நானும் பெரிய இவளாட்டம் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தேன்.

அந்த நாலு பக்கத்தால் எனக்கு வந்த பெயர் கொஞ்சமா? பகலெல்லாம் பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் லேபிள் அடிக்கிறவள், மாதம் ஒரு தடவை எழுத்தாளர். ஊர் வம்பையெல்லாம் திரட்டி, பெயரை மட்டும் மாற்றி நான் எழுதுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ அதைப் பக்கங்களாக அமைத்து, ஒரே தாளில் அச்சடித்து மடிப்பாய். உன் வீட்டுக்கார அண்ணன் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்வார். உனக்கு ஒரே ஒரு சட்டம்: "சிரிப்பு நாலாம் பக்கத்துல, கடைசி வரியில இருக்கணும்டி. அதுக்கு முன்னாடி சிரிச்சிட்டா ஒருத்தியும் பொறவு படிக்க மாட்டா." பாராட்டெல்லாம் அந்தக் கடைசி வரிக்குத்தான் வரும். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். என் எழுத்தை அச்சில் திரும்பப் படிக்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. ஒரு பிழை கண்ணில் பட்டால் ஒரு வாரம் சோறு இறங்காது.

ஆரம்பத்தில் மெயிலில்தான் அனுப்பினேன். என் வீட்டில் சிப்பாய் மாதிரி வரிசையாக நின்ற எழுத்து, உன் கடைக்கு வந்ததும் திருவிழாக் கூட்டம் மாதிரி கலைந்து கிடக்கும். நீ போனில் கத்துவாய்.

"ஏட்டி, தலைப்ப நடுவுல வைக்க எத்தன தடவ ஸ்பேஸ் தட்டிருக்க?"

"நடுவுக்கு வார வரைக்கும்."

"வெளங்கிரும். பிடிஎஃப்பா மாத்தி அனுப்பு, அப்பிடியே இருக்கும்."

"அதுல பொறவு கை வைக்க முடியாதாமே? எனக்கு நல்ல நல்ல யோசனையெல்லாம் அனுப்புன பொறவுதானே வருது?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஃபைல் தனியாகப் போனால்தானே கலைகிறது? கம்ப்யூட்டரையே கொண்டுபோய்விட்டால்?

சிபியூவைக் கழற்றி, கம்பெனியில் கழித்துப்போட்ட, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நாலு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்து ஓட்டைகளில் தூசி போகாமல் எங்கள் பிளாஸ்திரியையே ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த கிழவி "யாருக்குத் தாயி அடி?" என்று பதறிவிட்டாள். கண்டக்டர், "பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருச்சாக்கா? அரை டிக்கெட்டு போடவா?" என்றார். கட்டுப்போட்ட பெட்டியோடு நான் இறங்கியபோது நீ கடை வாசலில் நின்றாய். உன் வாய் கோணியது. சிரிப்பை அடக்கினாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு வியப்பு என்று நினைத்தேன்.

"பஸ்ல குலுங்கி வந்த பெட்டிய ஒடனே போடக்கூடாதுட்டி. செத்த நேரம் ஆறட்டும். நீ ஆண்டாளப் பாத்துட்டு, மெதுவா பால்கோவா வாங்கிட்டு வா. எப்பிடி இருக்கணும்னு பாக்க ஒரு பிரிண்ட்டு கொண்டாந்தியே, அத மட்டும் வச்சிட்டுப் போ."

மாதாமாதம் அப்படித்தான். பெட்டி ஆறுவதற்கு இரண்டு மணி நேரம். திரும்பி வந்தால் பக்கங்கள் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பெட்டியும் பழையபடி கட்டோடு இருக்கும். பிளாஸ்திரியைக்கூட நான் ஒட்டியது மாதிரியே திரும்ப ஒட்டியிருக்கிறாயே என்று உன்னை எத்தனை தடவை மெச்சியிருக்கிறேன்! பிறகு மாலை பஸ் வரும் வரைக்கும் நம் பேச்சு இருக்கிறதே, அதை எந்தத் தாளிலும் அச்சடித்திருக்க முடியாது. கம்ப்யூட்டரை ஆறப்போட வேண்டும் என்ற நுட்பத்தை நான் ஊரெல்லாம் பரப்பினேன். எங்கள் ஆபீசில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றினாலும் அரை மணி நேரம் ஆற வைக்கிறார்கள். என் ஏற்பாடுதான்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, குழாய்களுக்கு நடுவிலிருந்து என் கையைத்தான் பார்த்தாய். "பெட்டி எங்கட்டி? வெறுங்கையோடயா வந்த?" பத்து வருஷம் வாய் ஓயாமல் பேசியவள், அன்றைக்குப் பார்த்து உன் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அழுது முடித்த வெள்ளிக்கிழமை மாலை, வீட்டில் இன்னொரு பிரிண்ட் எடுத்தேன். அதையே நகல் எடுக்கலாம் என்றால், என் பிரிண்டர் எந்த முகத்துக்கும் நாமம் போடாமல் விடாது. நடுவில் வெள்ளைக் கோடு. வழக்கம்போல நாலு தாள் வைத்தேன். நாலும் வந்ததும், வேலை முடிந்ததென்று சிவப்பு விளக்கை மினுக்கியது. மறுநாள் காலை, அந்த நாலையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு உன் கடைக்கு வந்தேன்.

அண்ணன் உன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் பெட்டியை இறக்கி வைத்து, "செத்த ஆறட்டும்ணே, பொறவு மாட்டுவோம்" என்றேன்.

அவர் பெட்டியின் பிளாஸ்திரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, அவ இந்தப் பெட்டிய ஒரு நாளும் மாட்டுனதே இல்லம்மா" என்றார்.

"பொறவு எப்பிடிண்ணே…?"

"நீங்க கோயிலுக்குப் போனதும், அந்த பிரிண்ட்டப் பாத்து முதல்லருந்து டைப் அடிப்பா. பென் டிரைவு கேளேன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன். 'பென் டிரைவுன்னா யார்கிட்டயாவது குடுத்து விட்டுருவா. பெட்டின்னாத்தான் அவளே தூக்கிட்டு வருவா'ன்னா. சொன்னா நீங்க சங்கடப்படுவீகன்னு என் வாயையும் அடச்சிட்டா."

பிளாஸ்திரியைப் பார்த்தேன். என் கை ஒட்டிய பிளாஸ்திரி. நீ தொட்டதே இல்லை.

உன் கீபோர்டின் முன் உட்கார்ந்து நானே அடித்தேன். நீ கம்ப்யூட்டரில் அமைத்து வைத்துவிட்டுப் போன காலிப் பக்கங்களில் போட்டோவுக்குக் கட்டம் தயாராக இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்த நீ அப்புறம் அசையவில்லை. நாலாம் பக்கத்தின் அடிக்கு வந்து தாளைப் பார்த்தால், என் கடைசி வரியைக் காணோம்.

"அது எப்பவுமே இருக்காது தங்கச்சி. அந்த ஒத்த வரி அஞ்சாந் தாளுக்குப் போயிரும், ஒங்க பிரிண்டர்ல தாளு தீந்துருக்கும். அவளா யோசிச்சுப் போடுவா. அம்புட்டு நேரமும் அதுக்குத்தான் ஆகும். தானாச் சிரிச்சுக்குவா, அப்ப முடிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும்."

அலமாரியிலிருந்து பழைய தாள்களை எடுத்து, முதல் முறையாக, ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மட்டும் படித்தேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை. அத்தனையும் பிரமாதம்.

என்னுடைய வரி எனக்கு மனப்பாடம்தான். அடித்தேன். படித்தேன். அழித்தேன். வேறொன்று அடித்தேன், அதையும் அழித்தேன். அண்ணன் இரண்டு தடவை டீ வாங்கி வந்தார். நீ எப்படி யோசிப்பாய் என்று உன் நாற்காலியில் உன்னைப் போலவே சாய்ந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பெட்டி ஆறினதுதான் மிச்சம். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சுக்குக் கொடுத்தேன். அதுவரைக்கும்தான் உன்னை மாதிரிப் பண்ண முடிந்தது.

பெட்டியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிளாஸ்திரியை இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த மாதமும் அதைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நிற்பேன் என்று நினைக்கிறேன். எதற்கென்று அண்ணன் கேட்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாளைக் கொடுத்துச் சாப்பாடு முடிந்ததும், மூன்று பேர் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "கடைசி வரி, எப்பவும் போல, பிரமாதம்."