பூட்டிய சபை அலுவலகத்தைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
சபைச் செயலர்
(சென்ற வாரம் கொதித்துப்போய்ப் புகார் எழுதிய அதே ஆள்)

பெறுநர்:
மேதகு பேராயர் அவர்கள்,
பேராயர் அலுவலகம்.

பொருள்: என் புகாரின்பேரில் பூட்டப்பட்ட சபை அலுவலகத்தைத் திறந்துவிடவும், புகார் கொடுத்த என்மீது தக்க நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அலுவலகம் முன்பு எப்படி இருந்தது என்பதைத் தாங்கள் பார்த்ததில்லை. அழுக்குச் சாம்பல் நிறச் சுவர், ஆட்டம் காணும் நாற்காலிகள், மனமிருந்தால் எரியும் ஒரு டியூப் லைட், நடுவில் மலைபோல என் மேசை. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருபவர்கள் உள்ளே வராமல், கம்பி போட்ட சன்னலுக்கு வெளியே நின்றே வாங்கிப் போவார்கள். அதை நான் ஒழுங்கு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2. எங்கள் சபைக்குப் போதகராகப் புதிதாக வந்த ஆயரம்மா அறையைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரரே வேண்டாம் என்றுவிட்டார். “ஊழியம்னா நான் ஒருத்தி செய்யறதும், நீங்கல்லாம் உக்காந்து பாக்கறதுமா? ஆளுக்கொரு வேலை எடுத்துக்குங்க” என்று ஆராதனை முடிந்ததும் சொன்னார். எலக்ட்ரீஷியன் ஒயர் மாற்றினார். தையல்காரம்மா திரைச்சீலை தைத்தார். பள்ளி ஆசிரியர் சுவருக்குப் பட்டி பார்த்தார். என் மனைவி உப்புத்தாள் கொண்டு பழைய அலமாரியைத் தேய்த்தாள். நான் மேற்பார்வை பார்த்தேன். அந்த வேலையை எனக்கு யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

3. கடைசி நாளன்று, எனக்கும் வேலை தெரியும் என்று காட்ட, தரைக்குப் பெயிண்ட் அடிக்கும் பொறுப்பைப் பிடுங்கி வாங்கினேன். வாசலில் தொடங்கினேன். விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். எதிர்மூலைக்குப் போய்ச் சேர்ந்தபின் நிமிர்ந்து பார்த்தால், கையில் பிரஷ், சுற்றிலும் ஈரப் பெயிண்ட், அதற்கு அப்பால் கதவு.

“செயலர் ஐயா, அசையாதீங்க! காயற வரைக்கும் அங்கேருந்தே மேற்பார்வை பாருங்க” என்றார் எலக்ட்ரீஷியன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல்காரம்மா சன்னல் கம்பி வழியாக ஒரு பன் நீட்டினார். ரோஷம் ஒருபுறம் இருந்தாலும் பசி தாங்கவில்லை, வாங்கித் தின்றேன்.

4. அன்று வீட்டுக்குப் போனதும் எழுதியதுதான் அந்தப் புகார். ‘அனுமதியற்ற கட்டட மாற்றம்’, ‘ஆவணங்களுக்குப் பாதுகாப்பின்மை’ என்பதெல்லாம் நான் ஜோடித்தவை. ‘பொறுப்பாளரின் மாண்புக்குக் குந்தகம்’ என்ற மூன்றாவது மட்டும்தான் நிஜக் கோபம். என் கடிதங்களுக்கு மாதக்கணக்கில் பதில் தராத தங்கள் அலுவலகம், இதற்கு மட்டும் மறுநாளே ஆள் அனுப்பி, விசாரணை முடியும்வரை என்று அறையைப் பூட்டிவிட்டது. என் போதாத காலம், வேறென்ன சொல்ல!

5. ஆயரம்மா என்னைத் திட்டவில்லை. “வருத்தம் இருந்தா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே” என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

6. இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எங்கள் மகன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் என் மனைவி கோயிலுக்கு வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், யாரிடமும் பேசாமல் திரும்பிவிடுவாள். வீட்டிலும் தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த அலமாரியைத் தேய்க்கப் போன பிறகுதான் தையல்காரம்மாவிடம் வாய்திறந்து பேச ஆரம்பித்தாள். மகனைப் பற்றியும் பேசினாளாம். நான் மூலையில் நின்ற அன்று எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவள் அவள்தான். கண்ணில் நீர் வர, வெளியே எடுத்து வைத்திருந்த அலமாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மடையன் நான், அந்தச் சிரிப்பின்மீதுதான் புகார் எழுதியிருக்கிறேன்.

பூட்டு விழுந்த நாளிலிருந்து மறுபடி அதே மௌனம். என்னால் தாங்க முடியவில்லை, ஐயா.

ஆகவே, என் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைத் திறந்துவிடுமாறு மன்றாடுகிறேன். என் பதவியை எடுத்துவிட்டாலும் சரி. தரையில் நான் நின்ற மூலையில் இரண்டு பாத அளவுக்கு இன்னும் பெயிண்ட் படவில்லை. அதை முடிக்கும் வேலையை மட்டும் எனக்கே தர வேண்டும். அவள் அங்கே இருந்து பார்ப்பாள் என்றால், முழுத் தரையையும் மறுபடி வாசலிலிருந்தே அடிக்கத் தயாராக இருக்கிறேன்.

இடம்: பூட்டிய அறையின் வாசற்படி
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சபைச் செயலர்