கறுப்புத்தாளில் வெட்டிய சின்ன ஜன்னல்

என் அருமை அப்பா,

நேற்று சாயங்காலம் நம் தி.நகர் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்தார்கள். தேதி குறிக்கத்தான் வருகிறார்கள் என்று அம்மா கேசரி கிளறியிருந்தாள். அவர்களோ, நாங்கள் அனுப்பிய தங்கை கல்யாணியின் போட்டோவைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"இத்தனை கிட்ட நின்னு எடுத்தவன் யாரும்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மூக்குத்திக் கல்லையே எண்ணலாம் போலக் கீது," என்றார் கூட வந்த ஆதம்பாக்கத்து மாமா.

தங்கை தலை நிமிரவில்லை. அம்மா அவசரமாகக் காபியை நீட்டினாள். இந்த இடம் தட்டிப்போனால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அவளுக்கு. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் என்ன செய்தேன் தெரியுமா?

சுவரில் இருந்த, கல்யாணியின் கல்லூரி குரூப் போட்டோவைக் கழற்றினேன். இரண்டு படமும் கல்லூரிக்கு வந்த ஸ்டூடியோக்காரரின் தம்பி ஒரே நாளில் எடுத்தவை. நானும் அன்று அங்கே இருந்தேன். குரூப்பைப் பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தார். பிறகு அதே இடத்தில் நின்று, அதே லென்ஸைச் சின்ன ஃபிலிம் கேமராவில் பொருத்திக் கல்யாணியை எடுத்தார்.

"லென்ஸ் காட்டுறது ஒண்ணேதான் அத்தை. சின்ன ஃபிலிம் அதுல நடுத்துண்டை மட்டும் பிடிக்கும். அதைப் பெரிசு பண்ணினா கிட்ட நின்ன மாதிரி இருக்கும்."

அவர் நம்பவில்லை. குரூப் படம் பெரிதாக்காமல் ஃபிலிம் அளவிலேயே போட்ட பிரிண்ட். கறுப்புத்தாளில் சின்ன ஃபிலிம் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி அதன்மேல் வைத்தேன். தூண்கள், படிக்கட்டு, மற்ற பெண்கள் எல்லாம் மறைந்து, நடுவில் இருந்த கல்யாணியின் முகமும் தோளும் மட்டும் தெரிந்தன. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூரத்துலதான் நின்னிருக்கான்," என்றார். மாமா கேசரியை எடுத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் கல்யாணி நிமிர்ந்தாள். "கிட்ட நின்னே எடுத்திருந்தாதான் என்ன, அத்தை?"

மாமா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்," என்று எழுந்துவிட்டார்கள்.

அம்மா இன்னும் எங்கள் இருவரோடும் பேசவில்லை. நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள்?

ஜவுளிக்கடையில் நீங்கள் துணி அளந்ததுபோல நானும் நேற்று தங்கையை அளந்து காட்டிவிட்டேன். சரியாகத்தான் அளந்தேன். ஆனாலும் இனி எவர் முன்னாலும் அவளை அளக்க மாட்டேன், அப்பா. கேட்பவர்களுக்கு அவளே பதில் சொல்லட்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

உங்கள் மூத்த மகள்