பின்வரிசையில் ஒரு குப்பி

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முடிந்தது. இன்னும் ஒன்றே ஒன்று. ஜூனில் வேலையில் சேர வேண்டும், அதற்குள் பட்டம் கைக்கு வர வேண்டும். ஆறு வருடமாக இந்த ஜன்னல் இல்லாத அறையில்தான் குப்பை கொட்டுகிறேன்.

அம்மா போனில், "ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன்டி" என்றாள். ஆய்வகத் தட்டில் வளரும் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்ற வேண்டும் என்றேன். "அதுங்கள யார்கிட்டயாவது விட்டுட்டு வா!" நான் பூனை வளர்ப்பதாக நினைப்பு.

மார்ச் 5, வியாழன்

வேறொரு ஆய்வகத்துப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். என்னைப் போலவே மாணவி.

நாங்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொன்னது இதுதான்: ஒரு குறிப்பிட்ட புரதம் வழியாகச் செய்தி போனால்தான் செல் நகரும். என் மருந்து அந்தப் புரதத்தை அடைக்கும், செல் நின்றுவிடும். அவள் அந்தப் புரதமே இல்லாத செல்களை உருவாக்கியிருக்கிறாள். அவை பாட்டுக்கு நகர்கின்றனவாம். இரண்டு வருடமாக இதே கதை. "உன் கை சரியில்லை" என்கிறாராம் அவளுடைய பேராசிரியர்.

கடைசியில் ஒரு கேள்வி: இரட்டையைப் போட்டுப் பார்த்தீர்களா?

இரட்டை என்றால் என் மருந்தைப் போலவே இருக்கும் மூலக்கூறு. ஓரத்தில் ஒரு சின்ன மாற்றம், அதனால் அந்தப் புரதத்தில் ஒட்டாது. அதைப் போட்டால் செல்கள் வழக்கம்போல் ஓட வேண்டும்.

போட்டுப் பார்க்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்தவாரம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். மின்னஞ்சலைக் காட்டியதும், "அவங்க செல்லுல புரதம் முழுசா போயிருக்காது. கைப்பழக்கம் பத்தாதுன்னு எழுதிடும்மா. இன்னைக்கே" என்றார்.

இன்னைக்கே! ஆறு வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 9, திங்கள்

உறைபெட்டியின் பின்வரிசையில் இருந்தது இரட்டைக் குப்பி. மருந்தோடு சேர்ந்து வந்தது, மூன்று வருடம் முன்னால். மேலே என் கையெழுத்தில் 'பிறகு'. கட்டுரை அனுப்பும் அவசரம் அப்போது. அப்புறம் மறந்தேனா? மறந்த மாதிரி இருந்தேன்.

மூன்று தட்டு வைத்தேன். ஒன்றில் மருந்தில்லாத வெறும் கரைப்பான், ஒன்றில் மருந்து, ஒன்றில் இரட்டை. ஒவ்வொன்றிலும் படர்ந்திருந்த செல்களின் நடுவே ஒரு கோடு கீறினேன். செல்கள் நகர்ந்தால் கோடு மூடிவிடும்.

மார்ச் 10, செவ்வாய்

கரைப்பான் தட்டில் மூடிவிட்டது. மருந்தில் மூடவில்லை.

இரட்டையிலும் மூடவில்லை.

மார்ச் 12, வியாழன்

மறுபடி செய்தேன். அதேதான். என் மருந்து வேறு எதையோ பிடித்துச் செல்லை நிறுத்துகிறது. அந்தப் புரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை போல. கட்டுரை, அதை வைத்து எழுதிய நான்காம் அத்தியாயம் — எல்லாம் போச்சு.

மார்ச் 13, வெள்ளி

படங்களைப் பார்த்துவிட்டு 'அடுத்தவாரம்' கதவைச் சாத்தினார்.

"இதை யாரு கேட்டா?"

"அந்தப் பொண்ணு கேட்டாங்க சார்."

"அவங்களா உனக்குப் பட்டம் தரப் போறாங்க? முதல்ல முடி. இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். ஜூன் வேணுமா, வேணாமா?"

வேணும். வேணும்தான்! என்ன கேள்வி இது?

மார்ச் 14, சனி

அக்கா வீட்டில்தானே ஆறு வருடமாகத் தங்கியிருக்கிறேன். அவளிடம் எதை மறைப்பது? எல்லாம் சொன்னேன். "ஒரு வரிதானடி. எழுதிக் குடுத்துட்டு வெளிய வா. உன்னப் பார்த்தா எனக்கே மூச்சு முட்டுது" என்றாள். அவள்மேல் கோபம் வரவில்லை.

உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்: 'தங்கள் கைப்பழக்கம்...' அதற்கு மேல் விரல் ஓடவில்லை. முதல் வருடம் என் செல்கள் வரிசையாகச் செத்தபோது 'அடுத்தவாரம்' எல்லார் முன்னாலும் சொன்னது இதையேதான். பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு பார்த்தால் தீனி கெட்டுப்போயிருந்தது. என் கையில் ஒரு குறையும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

தட்டுப் படங்களை அவளுக்கு அனுப்பிவிட்டேன். 'அடுத்தவாரம்' முகவரியையும் சேர்த்தே போட்டேன், ஒளித்துச் செய்ததாக இருக்கக் கூடாது.

ஏப்ரல் 6, திங்கள்

ஜூன் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு வருடமாவது ஆகும் இந்த அறையில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டுரைக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆய்விதழுக்கு எப்போது அனுப்புவீர்கள் சார் என்று கேட்டால், அடுத்த வாரமாம்.

'பிறகு' சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குப்பியை முன்வரிசையில் வைத்தேன்.

மதியம் அவளிடமிருந்து பதில்: "மூன்று தட்டுப் படங்களையும் எங்கள் சாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. உங்களையும் யாராவது கை சரியில்லை என்று சொன்னதுண்டா?"

சொன்னதுண்டு என்று எழுதினேன்.