பிள்ளமடுவத்துல இங்கிலீசு

செவ்வாய். விடாத மழை.

என்னங்க நோட்டு, சொகமா இருக்கீங்களா? தெனம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்காங்க டீச்சர். தலவாக்கலையிலேருந்து பஸ்ல வர்ற புள்ள. பகல்ல கொழுந்து பறிக்கப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளமடுவத்துலதான் அந்தியில எங்களுக்கு இங்கிலீசு. பெஞ்சு சின்னப் புள்ளைங்களுக்குச் செஞ்சது, முழங்கால் காதுக்கு வருது. என் பொஞ்சாதி லெச்சுமிதான் இழுத்துட்டுப் போனா. அருவி பாக்க வர்ற வெள்ளைக்காரங்களுக்கு ரொட்டி விக்கணுமாம்.

பாடம்: வார்த்தைக்கு முன்னுக்கு ஒட்டுறது, பின்னுக்கு ஒட்டுறது. ஹேப்பின்னா சந்தோசம். முன்னுக்கு 'அன்' ஒட்டுனா சந்தோசம் போச்சு. பின்னுக்கு 'அர்' போட்டா வேலை செய்யிற ஆளு. டீச், டீச்சர்.

லெச்சுமி: "அப்ப குக்கருன்னா சமைக்கிற ஆளுங்களா?"

"இல்லம்மா, அது பாத்திரம்."

"சமைக்கிறது நானு, பேரு பாத்திரத்துக்கா?"

வியாழன். மூட்டம். கால் வலி.

வாங்க வேண்டியது: பருப்பு, கருவாடு, தேயிலை. (தோட்டத்துல இருந்துக்கிட்டு தேயிலை கடையில! அது வேற கத.) சனிக்கிழமை கொழும்புப் பெரியவர் வர்றாராம், வகுப்புக்குச் செலவு குடுக்கிறவரு. நாங்க இங்கிலீசுல வாய் தொறக்கலன்னா வகுப்ப மூடிருவாராம். லெச்சுமி அடுப்படியில எல்லாத்துக்கும் 'அன்' ஒட்டுறா. முட்ட போடாத கோழி 'அன்-எக்'காம்.

சனி. வெயில், அதிசயமா.

பெரியவர் வந்தாரு. சப்பாத்து சத்தம் கேட்டதும் எல்லாரும் எந்திரிச்சு, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டு மாதிரியே வரிசை. துண்டு கக்கத்துல. வாய்க்குப் பூட்டு. தொரை முன்னால பேசி என்ன பழக்கம்? என்ன படிச்சீங்கன்னு இங்கிலீசுல கேட்டுக் கேட்டுப் பாத்தாரு. மாடசாமியண்ணே மட்டும், பெரட்டு நெனப்புலயே, "எத்தனாம் நம்பர் மலைக்குப் போகணுங்க?"

பெரியவர் கெளம்பப் பைய எடுத்துட்டாரு. டீச்சருக்குக் கண்ணு கலங்கிருச்சு. டீச்சர் லெச்சுமி காதுகிட்ட குனிஞ்சு, "அம்மா, இது பெரட்டு இல்ல. கொழுந்து நிறுக்கிற எடம். இவரு ஒங்க எடையில கிலோ வெட்டுறாரு."

அவ்ளோதான். தராசுகிட்ட நம்ம பொம்பளைங்க எந்தத் தொரைக்குப் பயந்தாங்க?

லெச்சுமி: "யூ அன்ஃபேர்! டீச்சர் அன்ஹேப்பி! வீ லேர்னர்! யூ அன்லிசனர்!" பின்னாலயே மத்த பொம்பளைங்களும்.

பெரியவர் ரெண்டடி பின்னுக்கு. "அன்லிசனர்னு வார்த்தையே இல்லையேம்மா."

"ஒட்டியாச்சுங்க. இனி இருக்கும்."

முடிவு பொறவு சொல்றேன்னு போயிட்டாரு.

செவ்வாய். தூறல்.

லெச்சுமிக்குச் சோறு எறங்கல. ரொம்பக் கத்திட்டேனான்னு அதே பேச்சு. இன்னைக்குத்தான் டீச்சருக்குப் போன் வந்துச்சாம். நான் அந்நேரம் ஆட்டத் தேடிப் போயிட்டேன். அந்த ஆடு இருக்கே, அது கங்காணி வீட்டு அவரைக்கொடிய... சரி, விசயத்துக்கு வர்றேன். பெரியவர் என்ன சொன்னாருன்னா

"ஏங்க! டீச்சர் பேர் கூப்புடுறாங்க, புது ஆளுங்களும் சேந்து பெஞ்சுல எடமில்ல, வெரசா வாங்க!"

வர்றேன்டி. என்ன சொன்னாருன்னா, அந்த