ஏழாம் அறையின் கூரை

இன்று என் அலுவலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும். செத்தவனைத் திட்டக்கூடாதாம். யார் போட்ட சட்டம் அது?

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. வேலைக்கு வந்த டெல்லியில், கரோல் பாக்கில் ஒரே அறை. தான் டெல்லிக்கு வந்தால் தங்குவதற்கு ஏதோ சமஸ்தானத்து ராஜா கட்டிய அரண்மனை, அரசு விருந்தினர் மாளிகையாகி, அதன் பராமரிப்பு உன் பொறுப்பில் இருந்தது. வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் கதை விடுவாய். "இங்கதான் சார் வைஸ்ராய் நாட்டியம் பார்த்தாரு!" வரைபடத்தில் அது குதிரைச் சேணம் வைக்கும் அறை. கேட்டால், "வரைபடம் பாக்க எவன்டா டெல்லிக்கு வர்றான்?" என்பாய்.

அந்த வீட்டின் நிஜ வரலாறு கூரையில் இருந்தது. ராஜா காலத்துத் தேக்கு உத்தரம், மேலே சுண்ணாம்புத் தளம். விருந்தாளிகளுக்கு அறைக்கு அறை குளியலறை வேண்டுமென்று அரசு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றியது. அந்தச் சுமைக்குக் கட்டிய கூரை இல்லை அது. தாங்குமா என்று சோதிக்க, பொதுப்பணித் துறை இன்ஜினியரான என்னை அனுப்பினார்கள். இற்றுப்போயிருந்த ஏழாம் அறை உத்தரத்தில், குத்திய ஸ்க்ரூடிரைவர் பிடி வரை இறங்கியது. பெரிய மனிதர் யார் வந்தாலும் கசிவுக் கறைமேல் நீ வெள்ளையடித்து வந்திருக்கிறாய்.

"இடிந்து விழும் நிலை. அறையை மூடவும்" என்று அறிக்கையில் எழுதினேன்.

"அரே, மந்திரியோட சம்பந்தி நாளைக்கு வர்றாருடா. 'பழுது பார்க்கவும்'னு போடு. அவர் போனதும் நானே பூட்டிடுறேன். ஜல்தி!"

"தலையில விழுந்தா?"

"அம்பது வருஷமா விழாதது உனக்காக விழுமா?"

மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

சம்பந்தி இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பினார். நீ பூட்டவில்லை. பெருக்கப் போன முத்தம்மா மேல் கூரை இறங்கியது. விழுப்புரத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்ன முதல் வார்த்தை, "நல்லவேளைடா, சம்பந்தி கிளம்பிட்டாரு."

அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். மறு வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாய். இரங்கல் கூட்டத்தில் "அரண்மனையைக் கட்டிக் காத்தவர்" என்றார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் ஆர்.கே.புரம் முருகன் கோயிலில் முத்தம்மாவைப் பார்த்தேன். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இடது கையால் விபூதி இட்டுக்கொண்டாள்.

"உங்க சிநேகிதரு நல்லவரு சார். ஆஸ்பத்திரிக்குத் தெனமும் வந்து பாத்தாரு. பாவம், சாவுற வயசா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உன் யோக்கியதையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் அறிக்கையையும் சொல்ல வேண்டும்.

"ஆமாம்மா, நல்லவன்தான்" என்றேன்.