முற்றத்துப் பாட்டும் என் பயமும்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் நடித்த படம் வெளியே வந்துவிட்டது. கொழும்பில் காட்டினார்கள், யாழ்ப்பாணத்திலும் காட்டினார்கள். வாய்ப்புத் தேடி அலையும் கூத்து நடிகராக நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்களாம். எங்கள் வீட்டிலேயே, எங்கள் உடுப்புகளோடேயே எடுத்த படத்தைப் பாராட்டிப் பலர் எழுதுகிறார்கள். பேசாத மகளாக வந்த என்னைப் பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதை வாசித்ததிலிருந்துதான் எனக்குப் பயம்.

நீங்கள் முற்றத்தில் நின்று பாடும்போது நான் கதவோரம் ஒடுங்கி நிற்பேன் அல்லவா? "தகப்பனின் குரல் உயர உயர அந்தப் பிள்ளை சுருங்குகிறாள். அடி வாங்கி வளர்ந்த உடல் அது" என்று எழுதிவிட்டார்.

எங்கள் ஊர் தாழ்வுபாடு முழுக்க இப்போது இதே கதைதான். கருவாடு காயப்போடும் இடத்தில் மேரி மாமி கேட்டார்: "ஏன் பிள்ளை, கொப்பர் உனக்கு அடிக்கிறவரோ? ஒரு நாளும் சொல்லேல்லையே."

நான் குனிந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டேன். அம்மாதான் சொன்னார்: "அந்த மனுசனோ? கோழி அடிக்கவும் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுவிட்டிட்டு, தான் உள்ளுக்க போய் இருக்கிறவர்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசாமல் நின்றதை அவர் எப்படி எடுத்திருப்பார்?

நான் எதற்குப் பயந்தேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குரல் எடுத்துப் பாடக் கூடாது, இதயம் தாங்காது என்று டொக்டர் சொன்னபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். பஸ்ஸில் வரும்போது, "கொம்மாட்டச் சொல்லிப்போடாத மகள், நடிக்க விடமாட்டா" என்றீர்கள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

படம் எடுத்த அன்று உங்கள் சட்டையில் மைக் கொழுவியிருந்தது. "மெல்லமாப் பாடுங்கோ ஐயா, இதுக்குள்ள கேக்கும்" என்று இயக்குநர் அண்ணா கெஞ்சினார்.

"கூத்துப் பாக்க வந்து கடைசிப் பாயில கிடக்கிற கிழவிக்குக் கேக்காட்டி அது பாட்டோ தம்பி?" என்றீர்கள்.

யேசுவின் பாடுகளை ஆடும் பாஸ்குக் கூத்தில் பாடுவது போலவே பாடினீர்கள். உங்கள் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது விழுவார், இப்போது விழுவார் என்று. அதைத்தான் கமரா பிடித்திருக்கிறது. அன்று நீங்கள் விழவில்லை. அடுத்த மாதம் கரையில் வலை இழுக்கும்போது விழுந்தீர்கள், பிறகு எழும்பவேயில்லை.

ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் படம் காட்டப்போகிறார்கள். பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் இயக்குநர் அண்ணா. பேசினால், நாம் இருவரும் மறைத்தது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பேசாவிட்டால், ஊருக்கு நீங்கள் அடிக்கிற தகப்பன். எது பெரிய பாவம் அப்பா?

ஊரோடு ஊராக இருந்து அம்மா அதைக் கேட்க விடமாட்டேன். நாளைக்கு, அம்மாவும் நானும் தனியே இருக்கும்போது அவரிடம் முதலில் சொல்லுவேன். அவர் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து இருப்பாரோ, அதுவும் தெரியாது. வராவிட்டாலும் எழும்பி நிற்பேன், அப்பா. நடுங்கிக்கொண்டாவது சொல்லுவேன்.

உங்களுக்குத் தந்த வாக்கை முறிக்கப்போகும்,
உங்கள் மகள்
செலின்